இன்னும் கிளம்பலையா, கிளைவ்?

தேன் பாட்டிலைக் கொடுத்திருக்கக் கூடாது என்று கிளைவுக்கு உறைத்தபோது, அதில் பாதி பக்கத்துக் கேரவன் பெவர்லியின் ரொட்டிமேல் ஏறியிருந்தது.

தேன் மட்டுமா? உருளைக்கிழங்கு, வெங்காயம், தொட்டியில் காய்த்துத் தொங்கிய மிளகாய்ச் செடி எல்லாவற்றையும் முந்தின நாள் சாயங்காலம் கிளைவே தன் கையால் தூக்கிக் கொடுத்திருந்தார். டார்வினிலிருந்து மேற்கே போகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். மாநில எல்லையில் காய், கனி, தேன் எதையும் விடமாட்டார்கள். பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். குப்பைக்குப் போவது அக்கம்பக்கத்தார் வயிற்றுக்குப் போகட்டும் என்று, கிளம்புகிறவர் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிடுவார். கிளைவ் ஒரு படி மேலே போய், இடத்தை அடைக்கிறதே என்று மின்விசிறியையும் கொடுத்துவிட்டார்.

விழா என்றால் விழா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மடக்கு நாற்காலியும் பீர் டப்பாவும் ஆளுக்கொரு தட்டுப் பலகாரமுமாகக் கேரவன்கள் நிறுத்தித் தங்குகிற பார்க்கே வந்து உட்கார்ந்து, கிளைவையும் நோரீனையும் கட்டிப்பிடித்து வழியனுப்பியது.

மறுநாள் அக்டோபர் மூன்று. கிரேக்க மெக்கானிக் மனோலி புது ஆக்சிலைக் கேரவனுக்கு அடியில் தள்ளினான். வெளியே இழுத்தான். மறுபடி தள்ளினான். பிறகு எழுந்து தலையைச் சொறிந்தான்.

"பாஸ், இது நாலு அங்குலம் குட்டை."

"குட்டையா? நான் எழுதிக் கொடுத்த அளவுதானே?"

"நீங்க எழுதிக் கொடுத்த அளவுதான் குட்டை. யாரு அளந்தது?"

"நான்தான். டேப்போட அந்த முனையை நோரீன் பிடிச்சா, இந்த முனையில நான் படிச்சு எழுதினேன்."

"வெயில்ல கண்ணு மங்கியிருக்கும், பாவம்," என்றாள் நோரீன்.

ரயில்வேயில் முப்பத்திநாலு வருஷம் கால அட்டவணை போட்டவர் கிளைவ். எண்ணில் தப்பு செய்வது அவர் பரம்பரையிலேயே கிடையாது. இப்போது நாலு அங்குலம்! ஆகஸ்டில் நெடுஞ்சாலைப் பள்ளத்தில் இறங்கி ஆக்சில் வளைந்தபோது, "பத்தே நாள், பாஸ்" என்றுதான் மனோலி சொன்னான். பத்து நாள் ரெண்டு மாசமாகி, இப்போது புது ஆக்சில் தெற்கேயிருந்து மறுபடி லாரியில் வரவேண்டும்.

கிளைவைவிட நொந்துபோனவர் எதிர்க் கேரவன் வெர்ன். ஒரு வாரமாக மனுஷன் அப்படி ஓடியாடியிருந்தார். கிளைவைத் தன் காரில் தினம் மூன்று தரம் மனோலியிடம் கூட்டிப் போனார், டயருக்குக் காற்றடித்தார், கேட்காமலே பந்தலைக்கூடப் பிரித்து மடித்துக் கொடுத்தார். ஆக்சில் குட்டை என்றதும் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"யோவ் கிளைவ், நாலு அங்குலம்தானே? அப்படியே ஓட்டிட்டுப் போய்யா! மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாது."

"சக்கரம் உள்ள உரசும், வெர்ன்."

"உரசட்டுமே! கேட் வரைக்குமாவது ஓட்டு. கேட்டைத் தாண்டி நிறுத்திக்கயேன்."

கேட்டைத் தாண்டி நிறுத்தி என்ன செய்வது என்று கிளைவுக்கு விளங்கவில்லை. ஆனால் தன் கஷ்டத்துக்காக இவ்வளவு துடிக்கிற ஒரு மனுஷன் கிடைத்தாரே என்று கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண் காய்வதற்குள் நாலாம் தேதி வந்தது. "வெர்ன், டார்ச்சு இருக்கா?" என்று கிளைவ் கேட்டார். வெர்ன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இல்லை."

"ஆக்சில் மறுபடி எப்போ வரும்னு மனோலிகிட்ட..."

"வந்தா வருது, வராட்டிப் போகுது. எனக்கென்ன?"

கிளைவ் முகம் சுருங்கித் திரும்பினார். ஒரே நாளில் ஒரு மனுஷன் இப்படி மாறுவாரா?

"புழுக்கம் கிளைவ், புழுக்கம்," என்றாள் நோரீன். "மழை வர்ற வரைக்கும் இந்த ஊர்ல யாருக்கும் மூளை நிதானத்துல இருக்காது."

அதுவும் உண்மைதான். அக்டோபரில் டார்வின் வேகவைத்த துணி மாதிரி இருக்கும். தினம் சாயங்காலம் வானம் கறுக்கும், இடிக்கும், மின்னும்; ஒரு சொட்டு விழாது. கடல் எதிரேயே இருக்கும். முதலைக்குப் பயந்து கால் வைக்க முடியாது. கழிவறைக்குப் போனால் பச்சைத் தவளை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். இதில் மின்விசிறியையும் தானம் செய்தாகிவிட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியுமா? வெர்ன் அந்த விசிறிக்கு முன்னால் காலை நீட்டிப் படுத்திருப்பதை எதிர்ச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே கிளைவும் நோரீனும் வியர்த்தார்கள்.

ஆறாம் தேதி மத்தியானம் நோரீன் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நவம்பர் பதினாலு," என்றாள்.

"என்ன பதினாலு?"

"அன்னிக்கு இந்த வண்டி கேட்டைத் தாண்டணும். தாண்டலேன்னா பதினஞ்சாம் தேதி நான் பிளேன் ஏறி வீட்டுக்குப் போயிடுவேன். நீ தவளையோட குடித்தனம் பண்ணிக்க. வண்டியை வித்துடலாம், ஊர் சுத்தினது போதும்."

"அது ஏன் பதினாலு?"

"நீ ரயிலுக்கு எட்டு நாற்பத்தேழுன்னு நேரம் போடுவியே, ஏன் நாற்பத்தேழுன்னு யாராவது கேட்டாங்களா?"

நியாயமான கேள்வி.

முப்பத்திநாலு வருஷம் பல்லாரட் ஊரில் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, அடுத்தவன் ஊருக்குப் போக நேரம் குறித்துக் கொடுத்தவர் கிளைவ். ஓய்வு பெற்ற மறுநாள் இந்தக் கேரவனை வாங்கி, நாட்டை ஒரு முழுச் சுற்று வருவோம் என்று கிளம்பியவர். பாதிச் சுற்றுதான் ஆகியிருந்தது. மேற்குக் கடற்கரை முழுக்க ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்வாரியாக எழுதி வைத்துக் காத்திருந்தது. நோரீன் இல்லாமல் எந்தக் கடற்கரையைப் பார்த்து என்ன? அவள் பிளேன் ஏறினால் கதை முடிந்தது.

அதனால் அவளைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தார். ஊருக்குக் கிளம்பிய ஒரு குடும்பத்திடமிருந்து பழைய ஏ.சி. ஒன்றை வாங்கி வந்து, சன்னலில் மாட்டி, நாலு பக்கமும் அட்டை அடைத்து, பெருமையோடு ஸ்விட்சைப் போட்டார்.

ஏ.சி. "கர்ர்" என்றது. வரிசை முழுக்கக் கரண்ட் போனது.

வெறும் கரண்ட் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. அன்று எல்லோரும் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்த பெவர்லி தன் உறைபெட்டியைத் திறந்தால், மூன்று மாசமாகத் தூண்டில் போட்டுச் சேர்த்த கொடுவா மீன் அத்தனையும் இளகிக் கிடக்கிறது.

கிளைவுக்கு உயிரே போய்விட்டது. "பெவர்லி, என்னை மன்னிச்சிடு. இத்தனையையும் நானே பொரிச்சு எல்லாருக்கும் போட்டுடறேன்."

போட்டார். மூன்று நாள் காலை, மத்தியானம், சாயங்காலம் அடுப்புக்கு முன்னால் நின்று மீன் பொரித்தார். முதல் நாள் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாம் நாள் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் கிளைவ் தட்டோடு வருவதைப் பார்த்தாலே கதவைச் சாத்தினார்கள். எண்ணெய்ப் புகையில் கேரவன் முன்னைவிடச் சூடானதுதான் மிச்சம்.

ஆனால் பெவர்லிக்குத் துளிக் கோபமில்லை. அதுதான் ஆச்சரியம்.

"இதுக்கெல்லாம் போய் வருத்தப்படுவாங்களா? ஓடியா போறீங்க? நிதானமா இருங்க, கண்ணு," என்று நோரீனுக்குத் தலையணை கொண்டு வந்து போட்டாள். கிளைவுக்குச் சாய்வு நாற்காலி கொடுத்தாள். "ஒரு வாரம், பத்து நாள் இருந்துட்டுப் போங்களேன், என்ன குடியா முழுகிடும்?"

இருபத்திரண்டாம் தேதி காலை அதே பெவர்லி கதவைத் தட்டித் தட்டி உடைத்தாள்.

"கிளைவ்! ஆக்சில் வந்துடுச்சு! மனோலி போன் பண்ணினான். இன்னிக்கே மாட்டிடுங்க. நாளைக்குக் காலைல கிளம்பிடுங்க!"

"அப்படியா! எப்போ பண்ணினான்?"

"பதினேழாம் தேதி."

"பெவர்லி, இன்னிக்கு இருபத்திரண்டு."

"மறந்தே போயிடுச்சு. வயசாகுதில்ல?"

பார்க்கில் உள்ள நாய்களின் பிறந்தநாளைக்கூட மறக்காதவள் பெவர்லி. போகட்டும் என்று கிளைவ் மனோலியிடம் ஓடினார். அன்று சாயங்காலமே ஆக்சில் கச்சிதமாக உட்கார்ந்தது. அஞ்சு மணிக்கு மறுபடி நாற்காலி, மறுபடி பீர், மறுபடி கட்டிப்பிடி. கிளைவ் இந்தத் தடவை ஏ.சி.யையும் தரைவிரிப்பையும் தானம் செய்தார். பெவர்லி வழிக்குச் சாப்பிட என்று பன்னிரண்டு சாண்ட்விச் சுற்றிக் கொடுத்தாள்.

இருபத்திமூன்று காலை. பார்க் முழுக்க இரு பக்கமும் நின்று கையசைக்கிறது. கிளைவ் கேரவனை இழுக்கிற தன் ஜீப்பில் ஏறினார். நோரீன் வழக்கம்போலப் பின்னால் நின்று கையால் சைகை காட்டினாள். கேரவன்காரர்களில் பாதிப் பேருடைய கல்யாணம் இந்தக் கைச்சைகையில்தான் ஊசலாடிக்கொண்டிருக்கும். கிளைவ் கண்ணாடியில் பார்த்தார். கை "வா" என்றது. ஆக்சிலேட்டரை மிதித்தார்.

கேரவன் ஒரு முழம் பாய்ந்து, "டங்" என்று நின்றது. ஏதோ ஒன்று முறிந்து உருண்டோடியது.

புயல் சங்கிலி! மழைக்காலம் நெருங்கினால் நிற்கிற வண்டியையெல்லாம் சங்கிலி போட்டுத் தரையோடு கட்டவேண்டும் என்பது பார்க் நிர்வாகி ரொவீனா வைத்த சட்டம். நவம்பர் ஒண்ணாம் தேதிக்குள் கட்டினால் போதும். "நம்ம அதிர்ஷ்டம் தெரியாதா? இப்பவே கட்டிடு" என்று நோரீன் சொன்னாள் என்பதற்காக, போன வாரமே நாலு மூலையிலும் குழி தோண்டி, சிமெண்ட் போட்டுக் கட்டியிருந்தார். காலையில் மூன்றைக் கழற்றியாகிவிட்டது. பின்பக்கத்து நாலாவது அப்படியே இருந்தது.

"வான்னு காட்டினியே, நோரீன்!"

"நில்லுன்னு காட்டினேன்! நாற்பத்தொரு வருஷமா இந்தக் கையைப் பார்த்துட்டு இருக்க. வாவுக்கும் நில்லுக்கும் வித்தியாசம் தெரியலைன்னா நான் என்ன பண்றது?"

மனோலி குனிந்து பார்த்தான். "ஸ்பிரிங்கைத் தாங்கற கொக்கி போச்சு, பாஸ். தெற்கேர்ந்துதான் வரணும்."

எல்லோரும் "த்சொ த்சொ" என்றார்கள். ஆனால் விக்கி விக்கி அழுதது பெவர்லி ஒருத்திதான். "இன்னிக்கா உடையணும்? நாளைக்கு உடைஞ்சிருக்கக் கூடாதா?" என்று மூக்கைச் சிந்தினாள். கிளைவ் அவள் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். மத்தியானம் அவள் வந்து, "அந்த சாண்ட்விச்சு இருந்தா குடுங்க," என்று வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு கிளைவுக்கு வெளியே தலைகாட்டவே கூச்சமாகிவிட்டது. இரண்டு தடவை அழுது கட்டிப்பிடித்து வழியனுப்பியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? குளியலறைக்கு மற்றவர்கள் போகாத நேரம் பார்த்துப் போனார். துணி துவைக்கிற இடத்தில் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து பேப்பர் படித்தார். அங்கேயும் ரொவீனா வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கிளம்பலையா, கிளைவ்? எப்போ உத்தேசம்? சரியாச் சொன்னா குறிச்சுக்குவேன்."

சனிக்கிழமை மார்க்கெட்டில் லக்சா என்கிற நூடுல்ஸ் சூப் வாங்கப் போனால், கிண்ணத்தில் கரண்டியைப் போட்டுக்கொண்டே கடைக்கார அம்மா கேட்டாள்: "இன்னும் கிளம்பலையா, ஐயா?"

முன்பின் தெரியாத பொம்பளை! இந்த ஊரில் மனுஷர்களுக்கு வேறு கவலையே இல்லையா என்று கிளைவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் இத்தனை பேர் அக்கறையாக விசாரிக்கிறார்களே என்று ஒரு மூலையில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

நாள் ஓடியது. நவம்பர் ஐந்து, ஏழு, ஒன்பது. மனோலியிடம் எப்போது கேட்டாலும் "நாளைக்கு, பாஸ்". பத்தரைக்கு முன்னால் கடையைத் திறக்காத ஆசாமி. அவன் பத்தாம் தேதி சாயங்காலம் தானாகவே பார்க்குக்கு வந்து, மூச்சு வாங்க நின்றான்.

"கொக்கி வந்துடுச்சு, பாஸ்! விடிகாலைல அஞ்சு மணிக்கு வரேன். தயாரா இருங்க."

சொன்னபடி வந்தான். தனியாக வரவில்லை, தம்பி, மச்சினன், மாமனார் எல்லோரையும் எழுப்பிக் கூட்டி வந்திருந்தான். நாலு கிரேக்கர்களும் கேரவனுக்கு அடியில் புகுந்து கத்திய கத்தலில் மாமரத்து வௌவாலெல்லாம் பறந்தது. எட்டரைக்கு வேலை முடிந்துவிட்டது.

"ஏறுங்க பாஸ். இப்பவே கிளம்பிடுங்க. சங்கிலியெல்லாம் கழட்டியாச்சு, நானே பார்த்துட்டேன்."

கிளைவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னும் மூன்று நாள் கையில் இருக்கிறது! "நோரீன்!" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

நோரீன் துணிக்கொடியில் நின்றிருந்தாள். படுக்கை விரிப்பு, திரைச்சீலை, தலையணை உறை, துண்டு, கிளைவின் கால்சட்டை அத்தனையும் சொட்டச் சொட்டத் தொங்கியது.

"என்னம்மா இது? எல்லாத்தையுமா தோய்ச்ச?"

"சுத்தமாக் கிளம்ப வேணாமா? காயட்டும், போலாம்."

நவம்பர் புழுக்கத்தில் டார்வினில் துணி காய்வதாவது! மனோலி வாட்சைப் பார்த்தான். வண்டிக்கு ஓடிப்போய், சருகு ஊதித் தள்ளுகிற மெஷினை எடுத்து வந்து, படுக்கை விரிப்பைப் பார்த்து ஊத ஆரம்பித்தான். மாமனார் திரைச்சீலையைப் பிழிந்தார். மச்சினன் கிளைவின் கால்சட்டையைத் தலைக்குமேல் சுழற்றினான். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாம் அதே ஈரம். மனோலி மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மெக்கானிக்கா!" என்று கிளைவ் நெகிழ்ந்து போனார்.

பன்னிரண்டாம் தேதி துணி ஒருவழியாகக் காய்ந்தது. நோரீனுக்குப் பல்வலி வந்தது.

"எந்தப் பல்?"

"ஏதோ ஒரு பல். வலியோட எப்படிப்பா அவ்வளவு தூரம் உட்கார்ந்துட்டு வர்றது?"

பதிமூன்றாம் தேதி பல்வலி போய்விட்டது. கிளைவ் ஜீப் சாவியை எடுத்தார்.

"பதிமூணாம் தேதி யாராவது பயணம் கிளம்புவாங்களா?" என்றாள் நோரீன்.

"உனக்கு எப்போலேர்ந்து இந்த நம்பிக்கையெல்லாம்? நம்ம கல்யாணமே பதிமூணாம் தேதிதானே நடந்தது?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

கிளைவ் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது: கட்டிலுக்கு அடியில் கிடந்த நோரீனின் சூட்கேஸ் வெளியே எடுத்துத் தூசி தட்டி வைக்கப்பட்டிருந்தது. சுருக்கென்றது. துணி, பல், பதிமூணு! அவள் வேண்டுமென்றேதான் நாளைக் கடத்துகிறாள். பதினாலைத் தாண்டவைத்துவிட்டு, "தேதி போயிடுச்சு பார்" என்று பிளேன் ஏறப் போகிறாள். தன்னோடு வர அவளுக்கு இஷ்டமில்லை. எத்தனை மாசமாக இந்தச் சலிப்பை மனசில் வைத்திருந்தாளோ!

சாயங்காலம் வானம் உறுமிக்கொண்டிருந்தது. வாசல் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நோரீன், உனக்கு வர இஷ்டமில்லேன்னா நேராவே சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன். நோட்டுப் புத்தகத்துல அஞ்சு மாசத்துக்கு எழுதி வெச்சிருக்கேன். கிழிச்சுப் போட்டுடறேன். ஆனா நீ பக்கத்து சீட்டுல இல்லாம என்னால ஒரு மைல்கூட ஓட்ட முடியாது. அவ்வளவுதான்."

நோரீன் அவரையே பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஓடியது. ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது, சொல்லவில்லை. அவர் நெற்றி வியர்வையைத் தன் துண்டால் துடைத்துவிட்டாள்.

"காலையில பேசிக்கலாம், கிளைவ்."

காலையில் பேசலாம் என்றால் என்ன அர்த்தம்? கிளைவ் நோட்டுப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். பிரித்துப் பார்க்கத் தைரியம் இல்லை.

"கிளைவ்! எழுந்திரு! எவ்வளவு நேரம் தூங்குவ?"

கண்ணைத் திறந்தார். வெளிச்சம் வந்திருந்தது. நோரீன் தலைவாரி, ஷூ போட்டு, காபியோடு நின்றிருந்தாள். வெளியே எட்டிப் பார்த்தார். பந்தல் மடிந்திருந்தது. தண்ணீர்க் குழாய் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. நாலு சங்கிலியும் கழற்றி, எண்ணி, வரிசையாகத் தரையில் கிடந்தன. ஜீப் பின்னால் வந்து கேரவனோடு மாட்டியே ஆகிவிட்டது. சூட்கேஸ் மறுபடி கட்டிலுக்கு அடியில்.

"நீயா... நீ ஒருத்தியாவா இத்தனையும் செஞ்ச?"

"பின்ன யாரு செய்வாங்க? இன்னிக்கு தேதி பதினாலு. கிளம்புய்யா, கிளம்பு! மழை பிடிச்சுக்கிட்டா அப்புறம் ஒரு நாள் தள்ளிடும்."

கிளைவ் கட்டிலிலிருந்து குதித்தார். நேற்றுச் சாயங்காலம் தான் சொன்ன அந்த நாலு வார்த்தை! அது அவள் மனசை அப்படியே மாற்றிவிட்டது. இதை நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னாலேயே பேசப் பழகியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! கால்சட்டையை ஒற்றைக் காலில் மாட்டிக்கொண்டே நொண்டி நொண்டி ஜீப்புக்கு ஓடினார்.

விழா கிடையாது, பீர் கிடையாது. ஆனாலும் இரண்டு பக்கமும் பார்க் கூடிவிட்டது. வெர்ன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெவர்லி உதட்டைப் பிதுக்கினாள். மனோலிகூட எங்கிருந்தோ வந்து, எழவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றான். நம்மைப் பிரிய இவர்களுக்கு எவ்வளவு துக்கம் பார் என்று கிளைவ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நோரீன் பின்னால் நின்று கையைக் காட்டினாள். இந்தத் தடவை பார்க்கில் யாருக்கும் சந்தேகம் வராத மாதிரி, இரண்டு கையாலும், "வா, வா, வா" என்று காட்டினாள். பிறகு ஓடிவந்து பக்கத்து சீட்டில் ஏறினாள்.

கேரவன் அசைந்தது. உருண்டது. எதுவும் முறியவில்லை. மாமரத்தைத் தாண்டி, துவைக்கிற இடத்தைத் தாண்டி, அலுவலகத்தைத் தாண்டி, நவம்பர் பதினாலாம் தேதி காலை ஏழு இருபத்தாறுக்குக் கேட்டைத் தாண்டியது.

"ஜெயிச்சிட்டோம், நோரீன்!" என்று கிளைவ் ஸ்டியரிங்கைக் குத்தினார்.

"ஆமா, கிளைவ்," என்றாள் நோரீன். முகமெல்லாம் பூரிப்பு.

"நில்லுங்க! நில்லுங்க!"

கண்ணாடியில் பார்த்தார். ரொவீனா ஒரு பெரிய ஐஸ்பெட்டியை இழுத்துக்கொண்டு, செருப்பு ஒன்று கழன்று விழ, பின்னாலேயே ஓடி வந்தாள். கிளைவ் பிரேக்கை அழுத்தினார். அவள் நோரீனின் சன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"பரிசை விட்டுட்டுப் போறீங்களே, நோரீன்! உங்க வண்டி என்னிக்குக் கிளம்பும்னு ஆளுக்கொரு தேதி சொல்லிப் பந்தயம் கட்டினோமே, அதுல பதினாலுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தானே? இந்தாங்க, பெட்டி நிறைய இறால்!"